பழைய டிராக்டரில் புது மீட்டர்: முள் உண்மை சொல்கிறதா?

சத்துவாச்சாரி என்றதும் பலருக்கும் வேலூர் ஆட்சியர் அலுவலகமும், இரைச்சல் ஓயாத தேசிய நெடுஞ்சாலையும்தான் நினைவுக்கு வரும். ஊர் இப்போது வேலூர் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. வீட்டு மனைகள் பெருகிவிட்டன. ஆனாலும் பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தில், 1980-களில் வாங்கிய மேஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று இன்றும் உழுதுகொண்டிருக்கிறது. சொந்த நிலம் இரண்டு ஏக்கர். அதைவிட அக்கம்பக்கத்து நிலங்களுக்குக் கூலிக்கு ஓட்டுவதில்தான் வருமானம்.

அந்த டிராக்டரின் ஹீட் மீட்டர் பல வருடங்களாகச் செத்துக் கிடந்தது. முள் எப்போதும் அடியிலேயே படுத்திருக்கும். பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டினால் இறங்கி, பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ரேடியேட்டர் பக்கம் மூக்கை நீட்டிப் பார்ப்பார். சூடு அதிகம் என்று பட்டால் வரப்போரம் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவார்.

சென்ற சொர்ணவாரிப் பட்டத்துக்கு முன்பு, மகன் டேஷ்போர்டைப் புதுப்பித்தார். வெப்பம், ஆயில் பிரஷர், பேட்டரி என்று மூன்று மீட்டர்கள் கொண்ட பளபளப்பான செட். இரவில் வெளிச்சம் தரும். சென்சார் மட்டும் அந்த செட்டோடு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கையில் இருந்த வேறு கம்பெனி சென்சாரைப் போட்டார்கள். மரை சரியாகப் பொருந்தியது. முள்ளும் எழுந்து பச்சைக் கோட்டில் நின்றது.

“இனிமே பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேணாம் நைனா. முள்ளே சொல்லிடும்” என்றார் மகன். பெரியவரும் கையை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசியில் சேற்றுழவு. கேஜ்வீல் போட்டு, முழங்கால் ஆழச் சேற்றில் காலையிலிருந்து ஓட்டம். முள் பச்சையிலேயே நின்றது. பதினோரு மணிவாக்கில் இன்ஜின் இழுவை குறைந்தது. அதன் பிறகு வெள்ளைப் புகை. கீழே இறங்கிப் பார்க்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பாதிகூட இல்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது.

லேத்துக்குப் போய்த் திரும்பி, டிராக்டர் மறுபடி சேற்றில் இறங்கப் பதினான்கு நாள் ஆனது. உழவு மும்முரமான நேரம் என்பதால் வாடகைக்கும் வேறு டிராக்டர் கிடைக்கவில்லை. 20 நாள் நாற்றை நட வேண்டிய இடத்தில் 34 நாள் நாற்றை நட்டார்கள். நட்டது 110 நாள் வயதுள்ள குறுகிய கால ரகம். ரகத்தின் வயதில் மாதத்துக்கு ஒரு வாரம் என்று நாற்றின் வயதைக் கணக்கிடுவது பழைய வழக்கம். அந்தக் கணக்கையும் தாண்டிவிட்டது. குறுகிய கால ரகத்தில் முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், கதிரும் சீக்கிரம் வந்துவிடும். குத்துக்கு நான்கு நாற்று வீதம், சற்று நெருக்கி நட்டதால் நஷ்டம் ஓரளவு குறைந்தது. ஆனால் இவர் டிராக்டரை நம்பி நாற்று விட்டிருந்த பக்கத்து நிலத்துக்காரருக்கும் இதே கதிதான். அந்த மனக்கசப்பை லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய முடியவில்லை.

பழுதைத் தேடியபோது உண்மை தெரிந்தது. இன்ஜின் கொதிக்கிற சூட்டிலும் அந்த மீட்டர் பச்சையைத்தான் காட்டியிருக்கிறது. மீட்டரிலும் கோளாறு இல்லை, சென்சாரிலும் கோளாறு இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

“முள்ளு சொல்லுது, சரி. யாரைக் கேட்டுச் சொல்லுதுன்னு பார்த்தியாடா?” என்றார் பெரியவர்.

பழைய வண்டிக்கு மீட்டர் மாற்றுகிற எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். வேலை செய்யாத மீட்டர் இருந்தால் ஓட்டுபவர் உஷாராக இருப்பார். பொய் சொல்லும் மீட்டர் இருந்தால் உஷாரும் போய்விடும்.

முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மோட்டார் வண்டிகளின் ஆரம்பக் காலத்தில் டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் மீட்டர் கிடையாது. அமெரிக்காவில் 1912-இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின் மேலேயே நிற்கும் ஒரு வெப்பமானி. ஓட்டுபவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவார்.

அதன் பின்பு மீட்டர் டேஷ்போர்டுக்கு வந்தது. பழைய டிராக்டர்களில் இருக்கும் இயந்திர வகை ஹீட் மீட்டரில் மின்சாரமே இல்லை. இன்ஜினில் செருகிய சிறிய குமிழில், ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூடானால் அதன் அழுத்தம் கூடும். மயிரிழை போன்ற துளையுள்ள செம்புக் குழாய் வழியாக அந்த அழுத்தம் மீட்டருக்கு வந்து, உள்ளே வளைந்திருக்கும் தட்டைக் குழாயை நிமிர்த்தும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. இந்த வளைந்த குழாய்க்கு 1849-இல் காப்புரிமை வாங்கியவர் பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டான். பம்புசெட், ஸ்பிரேயர் அழுத்த மீட்டர்களில் இன்றும் இருப்பது அதே குழாய்தான்.

புதிய மின்சார மீட்டரில் குமிழுக்குப் பதில் சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். மீட்டர் அந்த மின்தடையைத்தான் அளக்கிறது, வெப்பத்தை நேராக அளப்பதில்லை. ‘இத்தனை ஓம் என்றால் இத்தனை டிகிரி’ என்ற கணக்கு மீட்டர் செய்யும்போதே அதில் வைக்கப்படுகிறது. சென்சார் வேறு கணக்கில் செய்யப்பட்டிருந்தால், முள் ஏதோ ஓரிடத்தில் நிற்கும். மரை பொருந்துவதும் கணக்கு பொருந்துவதும் வேறு வேறு. சத்துவாச்சாரி டிராக்டரில் நடந்த தவறு இதுதான்.

எனவே முதல் விதி: மீட்டரும் சென்சாரும் ஒரே கம்பெனியின் ஒரே ஜோடியாக வாங்க வேண்டும். பில்லில் இரண்டின் பார்ட் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக் கம்பெனியின் அசல் உதிரிபாகம் கிடைத்தால் நல்லது. வெளியில் வாங்கினாலும் பெயருள்ள தயாரிப்பாக இருக்கட்டும். கோயம்புத்தூரில் 1975-இல் உற்பத்தி தொடங்கிய பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே மீட்டர்கள் செய்கின்றன. டிராக்டர்களும் அப்படித்தான். மேஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்யும் டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆகவே பழைய மாடல்தானே, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கிடைத்ததைப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

ஹீட் மீட்டர்: கொதிக்கும் தண்ணீரே சாட்சி

மீட்டரைப் பூட்டும் முன்பு சோதிப்பது மிக எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். இயந்திர வகை என்றால் குமிழை அதில் தொங்கவிட்டால் போதும். மின்சார வகை என்றால் சென்சாரின் நுனியை மட்டும் நீரில் இறக்கி, அதன் உடலை ஒரு ஒயரால் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்க வேண்டும். மீட்டருக்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டும்.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 99 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். தளதளவென்று கொதிக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ, மீட்டர் கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். அடுப்பை அணைத்து, சமையல் வெப்பமானி அல்லது ஆய்வக வெப்பமானி 80 டிகிரி காட்டும்போது முள் நிற்கும் இடத்தில் பச்சைப் புள்ளி. இனி மீட்டரில் அச்சடித்த கோடுகளைவிட இந்த இரண்டு புள்ளிகளை நம்பலாம். கொதிநீரில் முள் பாதிக்குக் கீழேயே நின்றால், அந்த ஜோடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டர் சரியாக இருந்தாலும் ஏமாற்றும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் கிழிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான். அப்போது முள் ஏறாமல், இறங்கவும் செய்யலாம். கடும் வேலையின் நடுவே, காரணமில்லாமல் முள் சட்டென்று இறங்கினால் ‘குளிர்ந்துவிட்டது’ என்று மகிழக் கூடாது. உடனே இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அரை மணி நேரமாவது ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள்.

பழைய செம்புக் குழாய் வகை மீட்டரைக் கழற்றும்போது அந்தக் குழாயை வெட்டிவிடாதீர்கள். நசுங்கினாலோ, வெட்டுப்பட்டாலோ உள்ளிருக்கும் திரவம் போய்விடும், மீட்டர் அத்துடன் முடிந்தது. நீளம் அதிகமாக இருந்தால் வட்டமாகச் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும்.

பாலாற்றுப் படுகையில் இன்னொரு எதிரி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இன்ஜின் சூடேறுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். தோலைப் பதப்படுத்தும் முன்பு கெடாமல் இருக்க உப்பிட்டு வைப்பார்கள். அந்த உப்பைக் கழுவிய நீரும், பதனிடும் கழிவுநீரும் பல காலம் பாலாற்றுப் படுகையில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாததாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

பயிருக்கு ஆகாத உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டிய கிணற்று நீரைச் சிலர் மோட்டார் கொட்டகையில் பிடித்து அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கடினநீர் சூடாகும்போது உள்ளே சுண்ணாம்பு படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்த விடாது. குளோரைடு உப்பு உலோகத்தை அரிக்கும். சென்சாரின் நுனியிலும் இதே படிவு போர்வை போல மூடிக்கொண்டால், முள் தாமதமாகவே எழும்.

புது மீட்டர் போடும் அன்றே ரேடியேட்டரைக் கழுவிச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றிவிடுங்கள். அது முடியாவிட்டால் சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீர் நல்லது. சத்துவாச்சாரி டிராக்டரைத் திறந்தபோது ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைக் கட்டிகள் இருந்தன. மீட்டர் உண்மை சொல்லியிருந்தால் அந்த அடைப்பு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆயில் பிரஷர் மீட்டர்

சூடு இன்ஜினைக் கொல்லச் சில நிமிடங்களாவது எடுத்துக்கொள்ளும். ஆயில் அழுத்தம் போனால் அந்த அவகாசமும் கிடைக்காது. பல டிராக்டர்களில் இதற்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும். அழுத்தம் மிக மிகக் குறைந்த பிறகுதான் அது எரியும். மீட்டர் இருந்தால், பேரிங் தேய்ந்து அழுத்தம் மாதக்கணக்கில் மெல்ல இறங்குவது முன்பே தெரியும். பழைய டீசல் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில், சூடான பிறகு வேலை வேகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை அழுத்தம் இருக்கும். உங்கள் இன்ஜினுக்கான சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். சில மீட்டர்களில் பி.எஸ்.ஐ. என்ற அளவு இருக்கும். ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ.

இயந்திர வகை ஆயில் மீட்டரில் இன்ஜின் ஆயிலே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வரும். அதிர்வில் குழாய் விரிசல் விட்டால் ஆயில் வெளியே பீய்ச்சும். பிளாஸ்டிக் குழாயைத் தவிர்த்துச் செம்புக் குழாய் போட்டு, இன்ஜின் பக்கம் இரண்டு சுற்றுச் சுருளாக விட்டால் அதிர்வைத் தாங்கும். மின்சார வகை போட்டால் இந்தப் பயம் இல்லை. எதைப் போட்டாலும் பழைய சிவப்பு விளக்கை எடுத்துவிடாதீர்கள். ஒரு ‘டீ’ இணைப்பு வைத்தால் மீட்டர், விளக்கு இரண்டும் வேலை செய்யும். உழும்போது கண் சாலில்தான் இருக்கும், மீட்டரில் இருக்காது. அந்த நேரத்தில் விளக்குதான் கூப்பிடும்.

ஆம்பியர் மீட்டரா, வோல்ட் மீட்டரா?

பழைய டேஷ்போர்டில் நடுவில் பூஜ்யமும் இருபுறமும் 30 வரையும் போட்ட ஆம்பியர் மீட்டர் இருக்கும். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியே வருகிறதா என்று அது காட்டும். ஸ்டார்ட்டருக்குப் போவதைத் தவிர வண்டியின் மொத்த மின்சாரமும் இந்த மீட்டர் வழியாகத்தான் ஓடுகிறது. டைனமோவைக் கழற்றிவிட்டு அதிகத் திறனுள்ள ஆல்டர்னேட்டர் போட்டவர்கள், பழைய ஆம்பியர் மீட்டரையும் அதன் ஒயரையும் அப்படியே விடக் கூடாது. தாங்காமல் சூடாகி உருகும். தீப்பிடிக்கவும் கூடும்.

அங்கே வோல்ட் மீட்டர் போடுவது பாதுகாப்பு. இன்ஜின் நின்றிருக்கும்போது முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜிங் சரி. ஓடும்போதும் 12.5-க்கு மேல் ஏறவில்லை என்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரி கொதிக்கிறது என்று பொருள்.

ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜிங்கும் நிற்கும், குளிர்விப்பதும் நிற்கும். தண்ணீர் சூடேறச் சில நிமிடம் ஆகும். வோல்ட் மீட்டரோ சார்ஜிங் நின்ற உடனேயே இறங்கிவிடும். இந்த இரண்டு முட்களையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவருக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும்.

ஹவர் மீட்டரும் ஆர்.பி.எம். முள்ளும்

டிராக்டருக்கு வயது கிலோமீட்டரில் இல்லை, மணியில் இருக்கிறது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் மணிக் கணக்கில்தான். பழைய இயந்திர ஹவர் மீட்டர் இன்ஜின் சுழற்சியை எண்ணுகிறது, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 1,500 ஆர்.பி.எம். வேகத்தை வைத்துக் கணக்கிடப்பட்ட மீட்டர், 1,000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 40 நிமிடம்தான் ஏறும்.

புது எலக்ட்ரானிக் ஹவர் மீட்டர் நேரத்தைத்தான் எண்ணும். அதைச் சாவியில் இணைத்தால், இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தாலும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் வந்தால் மட்டும் ஓடும்படி பிரஷர் சுவிட்ச் வழியாக இணைப்பதே சரி. மணிக்கூலிக்கு ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். முள் கூடுதலாக ஓடினால் நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். குறைவாக ஓடினால் கைநஷ்டம்.

ரோட்டாவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஆர்.பி.எம். முள் தேவை. பி.டி.ஓ. தண்டு 540 சுற்று வருவதற்கு இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பழைய டயலில் 540 என்ற குறி இருக்கும். வேறு மாடலின் டயலை மாற்றிப் போட்டால் அந்தக் குறி தவறிப்போகும். கையேட்டைப் பார்த்து நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

• முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

• மிகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அதைச் சரிபார்க்காமல் எலக்ட்ரானிக் மீட்டர் இணைத்தால் உடனே கருகிவிடும்.

• சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெட்டு, முள் தவறாகக் காட்டும். மரையில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

• டேஷ்போர்டு தகட்டில் பெயின்டும் துருவும் இருக்கும். மீட்டர்களுக்கு இன்ஜினிலிருந்தே தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள்.

• மீட்டர்களுக்கென்று தனி ஃபியூஸ் வையுங்கள். ஒயர் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும்.

• கழற்றிய பழைய மீட்டரைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஒரு நாள் அதைப் பழுது பார்க்க முடியலாம். அதன் டயலும் உதவும்.

மறுபடியும் சத்துவாச்சாரி

ஹெட் வேலை முடிந்த பிறகு மகன் அந்தப் பளபளப்பு செட்டைத் தூக்கி எறியவில்லை. அதே மீட்டர் கம்பெனியின் சென்சாரைத் தேடி வாங்கினார். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கரி அடுப்பு. அதில் அலுமினியச் சட்டி. மெக்கானிக் சென்சாரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட, “கொதி வந்துச்சு பெரியவரே, பாருங்க” என்றார். முள் சிவப்புக்குள் போய் நின்றது. பெரியவர்தான் தன் கையால் பெயின்ட் புள்ளி வைத்தார்.

மீட்டரும் சென்சாரும் சேர்ந்து ஆன செலவு ஒரு நாள் உழவுக் கூலியைத் தாண்டவில்லை. ஹெட் வேலைக்கு ஆனது அதைப்போலப் பல மடங்கு. இப்போதும் பெரியவர் மணிக்கு ஒருமுறை இறங்கிப் பானெட்டில் கை வைக்கிறார். மகன் தடுப்பதில்லை. கையும் முள்ளும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று அவரும் பார்க்கிறார்.

வாசகர் கேள்விகள்

சாவியைப் போட்ட உடனே, இன்ஜின் ஓடும் முன்பே, புது ஹீட் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா? (ஆம்பூர்)

பெரும்பாலும் மீட்டர் கெட்டிருக்காது. சென்சாரில் இருக்கும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் சென்சார் கெட்டது. அப்போதும் சிவப்பிலேயே நின்றால், சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. முள் எழவே இல்லை என்ற புகாருக்கு இதே சோதனையைத் திருப்பிச் செய்யலாம். கழற்றிய ஒயரை ஒரு நொடி மட்டும் இன்ஜினில் தொட்டால் முள் எழ வேண்டும். எழுந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சென்சாரை மாற்றுங்கள். சில மீட்டர்கள் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். பெட்டியில் வரும் தாளைப் படித்துவிட்டுச் செய்யவும்.

அப்பா வைத்திருந்த அம்பாசிடர் காரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் சேர்ந்தே தாறுமாறாக ஆடுகின்றன. டிஜிட்டல் மீட்டர் போட்டுவிடலாமா? (வாணியம்பாடி)

இரண்டும் ஒரே நேரத்தில் தவறினால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மீட்டர்களின் எர்த். இன்னொன்று, பழைய மாடல் கார்கள் சிலவற்றில் மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சிறிய டப்பி. பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுமார் 10 ஆகக் குறைத்துத் தருவது அதன் வேலை. அது கெட்டால் இரண்டு முட்களும் சேர்ந்தே பொய் சொல்லும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அசல் டேஷ்போர்டுக்கு இனி மதிப்பு கூடும், அதில் துளை போட வேண்டாம். உண்மையான அளவு தெரிய வேண்டும் என்றால், டேஷ்போர்டுக்குக் கீழே கழற்றக்கூடிய தகட்டில் தனி மீட்டரைச் சென்சார் ஜோடியோடு பூட்டிக்கொள்ளலாம்.

இருபது வருடப் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. ஹவர் மீட்டரில் 1,200 மணிதான் இருக்கிறது. நம்பலாமா? (காட்பாடி)

வருடத்துக்கு 60 மணி நேரம்தான் ஓடியது என்று ஆகிறது. சொந்தமாக ஐந்து ஏக்கர் உழுதாலே அதைத் தாண்டிவிடலாம். கேபிள் அறுந்து நின்றிருக்கலாம், மீட்டரை மாற்றியும் இருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானம், ஸ்டியரிங் ஆட்டம், பி.டி.ஓ. தண்டின் பள்ளங்கள் இவற்றைப் பாருங்கள். அவை உண்மையான வயதைச் சொல்லும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மெக்கானிக்கிடம் உள்ள தனி ஆயில் பிரஷர் மீட்டரைப் பூட்டி அழுத்தம் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அந்த டிராக்டரின் டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை வைத்து விலை பேச வேண்டாம்.